றஹ்மத் உம்மாவின் ஆடும் துருக்கிப் பனியும்

கனமூலையில் ஒருவர் சூட்கேஸ் இழுத்துக்கொண்டு கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனால், அவர் உழைக்கப் போகிறார். இல்லையென்றால் மக்காவுக்குப் போகிறார். சும்மா பார்த்துவிட்டு வருவதற்கென்றும் ஒரு மனிதன் பிளேன் ஏறலாம் என்பதை அந்த ஊரில் முதலில் கண்டுபிடித்தவள் ஜுனைதாதான்.

இத்தனைக்கும் அவள் வம்சம் அப்படியான வம்சம் இல்லை. கொத்தாந்தீவு ஷரீபின் நடுமகள் அவள். ஷரீப் பக்கத்து ஊரான முந்தலைத் தாண்டினால் தலை சுற்றுகிறது என்று சொல்லி முந்தலோடு நின்றுவிட்ட மனிதர். உம்மா வழியில் ஒரு மாமா, சிலாபத்தில் ரயிலேறிக் கொழும்பு பார்க்கவென்று புறப்பட்டவர், ரயில் வந்து நின்றபோது போட்ட சத்தத்தில் பயந்து பஸ்ஸில் வீடு திரும்பினார். கடைசிவரை கொழும்பு பார்த்த கதையை மட்டும் விடாமல் சொன்னார். அந்தக் குடும்பத்தில் பிறந்தவள், கனமூலைத் தேங்காய் வியாபாரி ஹாசிமுக்கு வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, ஒரு குறையுமில்லாமல் கிழவியாகிக்கொண்டிருந்தாள்.

கெடுத்தது மகன் ஹில்மி. டோஹாவில் நல்ல வேலையில் இருந்தவன், உம்மாவையும் வாப்பாவையும் மக்காவுக்கு உம்றாச் செய்ய அனுப்பினான். போனார்கள், கடமையைச் செய்தார்கள், அழுதார்கள், திரும்பினார்கள். வரும் வழியில் டோஹா விமான நிலையத்தில் ஊர்ப் பெயர்களாக ஓடுகிற ஒரு பெரிய பலகை இருந்தது. ஜுனைதா அதற்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"இவ்வளவு ஊரும் இரிக்கிற நேரம் நாங்க கனமூலையில என்னத்த செஞ்சிக்கிட்டு இரிந்தம்?" என்று புருஷனைக் கேட்டாள்.

"தேங்கா வித்தம்" என்றார் ஹாசிம்.

அடுத்த வருடம் மலேசியா. அதற்கடுத்து தாய்லாந்து. ஜுனைதா எந்த ஊரில் இறங்கினாலும் காலையில் எழும்பி, அபாயாவைப் போட்டு, யன்னலைத் திறந்து, "ஆ, விடிஞ்சிரிக்கி" என்பாள், அங்கே விடியுமென்று எதிர்பார்க்காதவள் மாதிரி. தெரியாத தெருவில் நடப்பதும், தெரியாத பழத்தைக் கடிப்பதும், பாஷை தெரியாத பொம்பிளையோடு கையைக் காட்டிக் கதைப்பதும் அவளுக்கு, மசக்கைக்காரிக்குப் புளியங்காய் கிடைத்ததுபோல இருந்தது. ஹாசிம் எந்த நாட்டையும் தேங்காயை வைத்துத்தான் மதிப்பார். மலேசியத் தேங்காயைத் தட்டிப்பார்த்து "பருப்பு மெல்லிசு" என்று ஒதுக்கினார். தாய்லாந்து இளநீரைத் தோல் சீவி மொட்டைத் தலைபோல அடுக்கியிருந்ததைக் கண்டு, "துணியில்லாம நிக்கிது, பாக்க வெக்கமா இரிக்கி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே இரண்டு குடித்தார்.

இந்த இரண்டு பயணத்துக்கும் அவர்கள் ஊருக்குச் சொல்லாமல் விடியற்காலையில் நழுவினார்கள். என்னவென்று சொல்வது? திரும்பி வந்ததும் ஊர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. உம்றாவுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய் சலாம் சொல்லி, செய்த பிழைக்கு மாப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஊரும் வந்து, தங்களுக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்கச் சொல்லி அழுது அனுப்பிவைக்கும். கடல் தாண்டுகிறவர்கள் எங்கே தாண்டினால் என்ன, ஊருக்குச் சேரவேண்டிய அழுகையைச் சேர விடாமல் செய்தது பெரிய அநியாயமாகப்பட்டது.

ஆனால் ஜுனைதாவுக்கு ஊர் பேசுவது பெரிய விஷயமில்லை. பேசாத ஒருவர்தான் விஷயம்.

அவர் றஹ்மத் உம்மா. ஹாசிமின் மூத்த ராத்தா. இவர்களின் உம்மா விருதோடைக்காரி. ஹாசிமைப் பெற்ற சூட்டோடு மௌத்தாகிவிட்டார். அப்போது குமரிப்பிள்ளையாக இருந்த றஹ்மத் உம்மாதான் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தார். வீடு பக்கத்து வளவு, நடுவில் ஒரு மதில். ஹில்மியின் கலியாணத்திலே ஆறு பேருக்கு ஒரு பெரிய சஹன் தட்டு வைத்துச் சாப்பாடு போட்டார்கள். சோறெல்லாம் சரியாகத்தான் வந்தது. றஹ்மத் உம்மா இருந்த சஹனுக்கு வந்தபோது கடைசி இனிப்பான வட்டலாப்பம் தீர்ந்துபோய், கப்பில் அடைத்த ஐஸ்கிரீமை வைத்துவிட்டார்கள். பந்திக்குப் பொறுப்பாக நின்றவள் ஜுனைதா.

"மாப்புளைட மூத்த மாமிக்கி ஐஸ்கிரீம்" என்று மட்டும் சொல்லிவிட்டு றஹ்மத் உம்மா எழும்பிப் போனார். அன்றோடு பேச்சு நின்றது. ஹில்மிக்குப் பிள்ளைகள் பிறந்து அவை பள்ளிக்கூடமும் போய்விட்டன, பேச்சு வரவில்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் மதிலோரமாக நின்று தன் ஆட்டிடம் சொல்வார். ஆட்டுக்கு சுல்தானா என்று பெயர். "சுல்தானா, சில பேர்ட முருங்க எங்கட பக்கம் சாயிது. வெட்டச் செல்லு." சுல்தானா அசைபோடும். இந்தப் பக்கம் ஜுனைதா கத்தி எடுத்துக்கொண்டு போவாள்.

ஹாசிம் ஒவ்வொரு பெருநாளும் ராத்தாவின் கேற்றடியில் போய் நிற்பார். கதவு திறக்காது. திரும்பி வந்து மதில் பக்கம் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு சோறு போடுவது ஜுனைதாவுக்கு அந்த வட்டலாப்பச் சண்டையை விடக் கசந்தது.

இப்படி இருக்கும்போதுதான் துருக்கிப் பயணம் வந்தது. ஜுனைதாவுக்குப் பனி பார்க்க ஆசை. அங்கே குளிர் எலும்புக்குள் போகும் என்று ஹில்மி போனில் சொன்னான். ஹாசிம் அலுமாரியைத் திறந்து, உம்றாவுக்கு உடுத்திய இஹ்ராம் துணி இரண்டையும் எடுத்தார். துவாய்மாதிரித் தடித்த வெள்ளைத் துணி. "சும்மாதானே கெடக்கிது. குளிச்சிட்டுத் தொடைக்கவும் ஏலும், குளிருக்குப் போத்தவும் ஏலும்."

பூச்சி உருண்டை மணம் போக ஜுனைதா அதைத் தோய்த்துக் கொடியில் போட்டாள். அவள் செய்த பிழை அதுதான். எதிர்வீட்டு ஸாஜிதா அதைக் கண்டாள். மக்காவுக்குப் போகிறவனைத் தவிர வேறெவன் வீட்டுக் கொடியில் அந்த இரண்டு துணியும் காயும்?

சாயங்கால அஸர் தொழுகை முடிவதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. ஹாசிம் வாயைத் திறக்குமுன் மிளகாய்க் கடை ஹமீட் கட்டிப்பிடித்து அழுதார். "ஹாசிம் நானா, மறுகாவும் மக்காவுக்குப் போறீங்க, குடுத்து வெச்ச நஸீப் உள்ள மனிசன். என்ட மகன்ட விசாவுக்கு ஒரு துஆக் கேளுங்க." ஸாஜிதா மகளின் மாப்பிள்ளை விஷயத்தைச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். ஜுனைதா ஒருவருக்கு உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தவர் மாப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் கேற் திறந்தது. றஹ்மத் உம்மா.

கூட்டம் வழிவிட்டது. நேரே வந்து தம்பியின் தலையில் கை வைத்தார். "அல்லாஹ்ட வீட்டுக்குப் போற ஆளோட கோவமா இரிக்க ஏலாது. மாப்புச் செய்ங்க தம்பி. நானும் மாப்புச் செஞ்சிட்டன்." பிறகு ஜுனைதாவைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கும்தான்."

ஹாசிம் நரைத்த தாடியோடு சின்னப் பிள்ளைபோல விம்மினார்.

"மதினி, நாங்க வந்து..." என்று ஜுனைதா தொடங்கினாள். ஹாசிம் அழுகையை நிறுத்தாமலே அவள் காலை மிதித்தார்.

றஹ்மத் உம்மா இடுப்பிலிருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்து ஜுனைதாவிடம் நீட்டினார். கழுவிக் கழுவி லேபல் போயிருந்தது. "மக்கத்து ஸம்ஸம் தண்ணி கொண்டாங்க. கொழும்புல விக்கிறது எனக்கு வேணாம். நீ உன்ட கையால அள்ளினது வேணும் புள்ள."

இஸ்தான்புல்லில் ஜுனைதா பார்த்ததையெல்லாம் சொல்லப்போனால் இன்றைக்கு முடியாது. கப்பலில் போகும்போது கடற்புறாக்கள் கூடவே பறந்து வந்து, அவள் கையிலிருந்த எள்ளுப் போட்ட வளையப் பாணைக் கடித்தெடுத்தன. "இதுகளுக்கும் எங்கட கற்பிட்டிக் கடக்கரைக் காக்காக்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்று அவள் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்தில் இருந்த துருக்கிக் கிழவி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். ஐஸ்கிரீம்காரன் ஒருவன் நீளக் கம்பியில் வைத்து நீட்டுவதும் இழுப்பதுமாக ஹாசிமுக்கு விளையாட்டுக் காட்டினான். ஹாசிமுக்குக் கோபம் வந்துவிட்டது. "தாறதெண்டா தா. இந்தச் சாமானாலதான் எங்கட குடும்பமே பிரிஞ்சிது!" அந்த நாட்டில் தேங்காய் மரமே இல்லை என்பது வேறு அவருக்கு ஒரு கவலை. "மரமில்லாம இவங்க எப்பிடிச் சம்பல் திங்கிறாங்க?"

போத்தல் மட்டும் ஜுனைதாவின் கைப்பையில் கருங்கல்லாகக் கனத்தது. அரண்மனைக்குள் போனாலும் கூடவே வந்தது. ஹாசிம் தண்ணீர் கண்ட இடமெல்லாம் யோசனை சொன்னார்.

"குழாய்த் தண்ணியப் புடிப்பம்."

"வேணாம்."

"இந்தா, பள்ளிவாசல் ஹவுள் தொட்டி. தொழ முந்தி கைகால் கழுவி வுழுச் செய்ற தண்ணி. இதும் நல்ல தண்ணிதானே?"

"வேணாம் எண்டன்."

"அப்ப கொழும்புல ஒரு டின் வாங்கி ஊத்துவம். அது அசல் ஸம்ஸம், பொய்யில்லை."

"என்ட கையால அள்ளினது எண்டு கேட்டிரிக்காங்க. வாயால ஒரு பொய் செல்லலாம், மறுகா தௌபாச் செஞ்சி மாப்புக் கேக்கலாம். பொய்யக் குடிக்கக் குடுக்க ஏலாது."

"உண்மையச் செல்லிட்டா ராத்தா கதவச் சாத்திருவாங்க புள்ள" என்றார் ஹாசிம். அப்போது அவர் குரலில் பகிடி இல்லை.

ஜுனைதா போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பெரிய பள்ளிவாசலில் பெண்கள் பகுதியில் உட்கார்ந்து, ஹமீடின் மகனுடைய விசாவிலிருந்து ஸாஜிதாவின் மகளுடைய மாப்பிள்ளை வரை ஒன்று விடாமல் துஆக் கேட்டு முடித்தாள். தனக்கென்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

மறுநாள் பனிமலைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி கம்பியில் தொங்கிக்கொண்டு அவர்களை ஏற்றிச் சென்றது. ஹாசிம் கண்ணை இறுக்கி மூடி யாசீன் ஓதிக்கொண்டே போனார். கதவு திறந்ததும் உலகம் வெள்ளை. ஜுனைதா குனிந்து ஒரு பிடி அள்ளினாள்; குளிரில் கை சுட்டது. வாயில் போட்டாள். ஹாசிம் இரண்டு அடி வைத்து, வழுக்கி, இஹ்ராம் துணி கழுத்தில் பறக்கப் பின்புறத்தால் சரிவில் போய்க்கொண்டே இருந்தார். கீழே ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கைதட்டியது. ஜுனைதா தூக்கிவிடப் போய்த் தானும் வழுக்கி அவர்மேல் விழுந்தாள். இருவரும் எழும்ப மனமில்லாமல் அப்படியே கிடந்து சிரித்தார்கள். கலியாணம் முடித்த புதிதிலும் அவர்கள் அப்படிச் சிரித்ததில்லை. அப்போது வீடு நிறைய ஆட்கள்.

சிரித்து முடிந்ததும் அவள் கைப்பையைத் திறந்து போத்தலை எடுத்தாள். பனியை அள்ளி அள்ளித் திணித்தாள்.

ஊருக்கு வந்து அவர்கள் சூட்கேசை இறக்கியதுமே முதல் ஆளாக றஹ்மத் உம்மா வந்தார், வெள்ளிக் கரை போட்ட கிளாசோடு. பின்னால் ஸாஜிதா, ஹமீட், ஊர் பாதி. ஹாசிம் கதிரையில் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜுனைதா போத்தலை எடுத்து முன்னால் வைத்தாள். "மதினி, இது ஸம்ஸம் இல்ல. நாங்க மக்காவுக்குப் போகல்ல. துருக்கிக்குப் போனம், பனி பாக்க. இது பனி. கரைஞ்சி போச்சி. ஆனா என்ட கையால அள்ளினது."

றஹ்மத் உம்மா போத்தலைப் பார்த்தார். பிறகு போத்தலை ஒரு கையிலும் கிளாசை மறு கையிலும் எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். அவர் வீட்டுக் கேற் சாத்தும் சத்தம் கேட்டது. ஹாசிம் எழும்பி உள்ளே போய்விட்டார்.

ஹமீட்தான் தொண்டையைச் செருமினார். "அப்ப என்ட மகன்ட விசா?"

"அங்கயும் கேட்டன்" என்றாள் ஜுனைதா.

"கேட்டீங்களா? அப்ப சரி." ஒரு துருக்கி இனிப்பை வாயிலும் இரண்டைச் சட்டைப்பையிலும் போட்டுக்கொண்டு அவர் போனார். மற்றவர்களும் அப்படியே.

முற்றம் வெறிச்சோடியதும் ஜுனைதா போய் மதிலோரம் நின்றாள். அந்தப் பக்கம் புல்லுக்கட்டை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல்.

"சுல்தானா, கேட்டியா? மக்காவுக்கெண்டு நாங்க அழுது அனுப்புறம். இவங்க உன்ட ஊருக்குப் போய், சுல்தான்மார்ட ஊட்டையெல்லாம் பாத்திட்டு வந்திரிக்காங்க. வெக்கமில்லாத சனம்."

ஜுனைதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"குடுத்த மாப்பத் திருப்பி எடுக்க ஏலுமா எண்டு பள்ளிவாசல் லெப்பையக் கேக்கணும். அவரு ஏலாது எண்டுதான் செல்லுவாரு. அந்தாளுக்கு எதுவும் ஏலாது." போத்தல் மூடி திருகும் சத்தம், கிளாசில் ஊற்றும் சத்தம். "சுல்தானா, கேட்டுப் பாரு. பனி எண்டா அது விழக்குள்ள சத்தம் கேக்குமா?"

ஜுனைதா மதிலோடு நெருங்கி நின்றாள். "சுல்தானாவுக்குச் செல்லுங்க, சத்தமே இல்ல. பஞ்சு மாதிரி. கம்பியில தொங்குற பெட்டியில ஏறிப் போய்ப் பாத்தம்."

"கம்பியில தொங்குற பெட்டியாம். அதில முழங்கால் வருத்தக்காரர் ஏற ஏலுமா, கேளு."

"ஏறத் தேவல்ல. அது தானா கொண்டு போகும். சுல்தானாட தம்பி கண்ண மூடிக்கிட்டுப் போனவரு."

"அவன் சின்ன வயசிலயும் பயந்தாங்கொள்ளிதான்" என்றார் றஹ்மத் உம்மா. அவரையறியாமலே ஆட்டை விட்டு நேரே மதிலைப் பார்த்துச் சொல்லிவிட்டார். பிறகு, "முட்டையும் கருப்பட்டியும் எடுத்து வெச்சிரிக்கன். வட்டலாப்பமெண்டா நீ செய்யணும். இந்த முறை தீராம எனக்கும் வாறமாதிரி நிறையச் செய்" என்றார்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த ஹாசிம் எழும்பி, வெறுங்காலோடு ராத்தாவின் கேற்றடிக்கு ஓடினார். சாத்தியிருந்த கேற் இப்போது திறந்து இருந்தது.

இது நடந்து அடுத்த வருட மழைக்காலம். றஹ்மத் உம்மாவின் கொடியில் ஒரு காலை நேரம், காதுவரை மூடுகிற சிவப்புக் கம்பளித் தொப்பி ஒன்று காய்ந்தது. ஸாஜிதா தன் வாசலில் நின்று வெகுநேரம் அதைப் பார்த்தாள். எதற்கு மாப்புக் கேட்கப் போவது, எதற்குத் துஆக் கேட்கச் சொல்வது என்று அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் எதற்கும் இருக்கட்டுமென்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அழுவதற்குத் தயாராகத் தெருவைக் கடந்தாள்.