மத்தியானத்துக் கால்கள் வேறு

எனக்கு எம்.எஸ். என்ற நரம்பு நோய் வந்து பதினொரு வருடமாகிறது. வெயில் ஏற ஏறக் கால்கள் சொல்வழி கேட்கமாட்டா. இதை எந்த டொக்டரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே வாசித்து, நானே கொப்பியில் குறித்துவைத்துக் கண்டுபிடித்தேன்.

எங்களைப் போன்றவர்களின் நடைப் பயிற்சியை ஆய்வு செய்யும் டொக்டர் பிள்ளை, போன மாதம் பகல் ஒரு மணிக்கு என்னை ஆஸ்பத்திரி நடைபாதையில் நடக்கவைத்தார். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வெந்துபோய் இறங்கிய நான், பாதியிலேயே சுவரைப் பிடித்தேன்.

"இனிச் சக்கர நாற்காலிதான் நல்லது அன்ட்டி" என்று சொல்லி, அப்படியே எழுதியும் வைத்தார்.

"காலமை கூப்பிட்டுப் பாருங்கோ."

"காலமை எனக்குக் கிளினிக். எல்லாருக்கும் மத்தியானம்தான்."

"அப்ப உங்கட ஆய்வு வெயிலைத்தான் அளக்குது."

இன்று கிளினிக் தொடங்குமுன், காலை ஏழரைக்குக் கூப்பிட்டிருந்தார். அதே நடைபாதை, அதே கைத்தடி. ஓரிடத்திலும் நிற்காமல் போய்த் திரும்பினேன்.

டொக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னொருக்கா நடப்பீங்களா?"

"உங்களுக்கு நம்பிக்கை வாற வரைக்கும் நடப்பன்."

சிரித்துக்கொண்டே சக்கர நாற்காலி என்று எழுதியதை என் முன்னாலேயே வெட்டினார். இனி எல்லோரையும் காலையிலும் நடத்திப் பார்க்கப் போகிறாராம்.

வீட்டுக்கு வருமுன்னே, ஆய்வில் என்னோடிருக்கும் கொட்டாஞ்சேனை ஸ்டெல்லா போன் எடுத்தாள். "உன்னால நானும் விடிய எழும்ப வேணும். என்ன பொம்பிளையடி நீ?"

இதைவிட நல்ல வாழ்த்து எனக்கு இந்த வருடம் கிடைக்கவில்லை. நித்திரை கெடப்போகும் மற்றவர்களும் இந்தப் பதிவுக்குக் கீழே வந்து திட்டலாம்.