பக்கத்துக் கட்டில்

அந்த மருத்துவமனையின் வரவேற்பறையில், குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட பலகை ஒன்று மாட்டியிருக்கிறது. 'ஆண்டின் சிறந்த ஊழியர்' என்று தலைப்பு. கீழே ஒரு பெண்ணின் படம். அதில் அவள் புகைப்படக்காரரை முறைத்துக்கொண்டிருக்கிறாள். படத்துக்கும் கீழே: "மூத்த பிசியோதெரபிஸ்ட். சிறு வயது முதலே பிறர் வலியைத் தன் வலியாக உணர்ந்தவர். யாரோடும் தன்னை ஒப்பிட்டுப் பார்க்காத எளிமைக்குச் சொந்தக்காரர். நோயாளிகளின் மன அமைதியே இவரது முதல் மருந்து."

எழுதிய நிர்வாக அதிகாரி அவளை நேரில் சந்தித்ததே இல்லை என்கிறார்கள். சந்தித்திருந்தால் முதல் இரண்டு சொற்களோடு நிறுத்தியிருப்பார்.

சிறு வயதில் அவள் உணர்ந்தது பிறர் வலியை அல்ல, பிறருக்குக் கிடைத்த கவனிப்பை. அக்கா மாடிப்படியில் உருண்டு காலை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த பிறகு தினமும் மாலையில் ஒரு பிசியோ அம்மா வந்து போனாள். அந்த நேரத்துக்கு வீடே கட்டிலைச் சுற்றிக் கூடிவிடும். அக்கா காலைக் கொஞ்சம் மடக்கினால் அப்பா கைதட்டுவார், அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஒருநாள் தங்கையான அவளும் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, "எனக்கும் கால் வலிக்குது" என்றாள்.

"உனக்கு ஒண்ணுமில்ல, தள்ளி உட்காரு" என்றாள் பிசியோ அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இந்தக் கைதட்டல் நடக்கிற இடத்தில் நிரந்தர வேலை வேண்டும் என்று அவள் முடிவு செய்தது அன்றைக்குத்தான். பிற்பாடு நேர்முகத் தேர்வில் அதைச் சேவை மனப்பான்மை என்று சொல்லிவைத்தாள்.

பொறாமையின் வலு தெரிந்தவள் என்பதால் தொழிலிலும் அதை வீணாக்கவில்லை. முட்டி அறுவை முடிந்தவர்களை இரண்டிரண்டு பேராகப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைப்பாள். பஸ் டிரைவர் ஒருவரின் காதருகே குனிந்து, "வாத்தியார் காலையிலேயே தொண்ணூறு டிகிரி மடக்கிட்டாரு. நீங்க மெதுவா வாங்க, அவசரமில்ல" என்பாள்.

"அவரா? பாத்ரூம் போகவே ரெண்டு ஆள் தேடினாரே."

"அது நேத்து."

அப்படியே வாத்தியாரிடம் போய் டிரைவரைப் பற்றியும் இதையே சொல்வாள். இரண்டும் பொய். சாயங்காலத்துக்குள் இரண்டும் உண்மையாகிவிடும். மன அமைதி என்பது அந்தக் கூடத்தில் யாருக்கும் கிடையாது. ஆனால் எல்லோரும் தங்கள் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்கள், அவளைத் திட்டிக்கொண்டே. 'முட்டியம்மா' என்று பேர் வைத்தவர்களும் அவர்கள்தான்.

இப்படி இருக்கையில் ஓர் இளைஞன் பிசியோ வேலைக்குச் சேர்ந்தான். நர்சுகள் அவனுக்குப் 'பஞ்சுக்கை' என்று பேர் வைத்தார்கள். அவன் தொட்டாலே வலி போய்விடுகிறதாம். "வலி போறதுக்கா வந்தாங்க? கால் மடங்க வந்தாங்க" என்று முட்டியம்மா சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவன் வேலை தெரியாதவனாக இருந்திருந்தால் மன்னித்திருப்பாள். பக்கவாதத்தில் இறுகிப்போன தோளை அவன் பிடித்துவிடும் நேர்த்தி தன் கைக்கு வராது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அக்கா முட்டி மாற்ற வந்து சேர்ந்தாள். அறுவை நன்றாகவே முடிந்தது. மயக்கம் தெளியத்தான் வெகுநேரமாயிற்று. அவ்வளவு நேரமும் தங்கை வெளியே நின்றாள், உட்காரச் சொன்னவர்களை முறைத்தாள். கண் விழித்த அக்கா மறுநாளே சொல்லிவிட்டாள்: "நீ வேணாம்டி. நீ அழவைப்ப. அந்தத் தம்பியே பார்க்கட்டும்."

தம்பி ஒத்தடம் கொடுத்தான், கதை கேட்டான். அக்கா சந்தோஷமாக இருந்தாள். முட்டிதான் மடங்கவில்லை. உள்ளே தசை இறுகிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் தொண்ணூறு டிகிரி வராவிட்டால் மறுபடி மயக்கம் கொடுத்து மடக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். மறுபடி மயக்கம் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து முட்டியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

தன் வழக்கமான வித்தையை எடுத்துப் பார்த்தாள். "பக்கத்துக் கட்டில் அம்மா முழுசா மடக்கிட்டாங்கக்கா."

"நல்லா இருக்கட்டும், பாவம்."

பொறாமையே படாத மனுஷி. படுவதற்கு வாழ்க்கை அவளுக்கு ஒரு காரணமும் கொடுத்ததில்லை.

வியாழக்கிழமை பக்கத்துக் கட்டில் காலியானது. முட்டியம்மா உள்ளே வந்தபோது பஞ்சுக்கை அக்காவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"பார்த்தியாடி, எவ்வளவு பதமா செய்யறான். நீயும் இவன்கிட்ட கத்துக்கோயேன்."

முட்டியம்மா செருப்பைக் கழற்றினாள். காலிக் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

"தம்பி, எனக்கும் முட்டி வலிக்குது. கொஞ்சம் பாரு."

சொன்னபோது அதில் வைத்தியம் எதுவும் இல்லை; சின்ன வயதுக் கோபம் மட்டும்தான். அவன் தயங்கித் தயங்கி வந்து அவள் முட்டியில் கை வைத்தான். முகம் மாறியது. "மேடம், இது நல்லா தேஞ்சு போயிருக்கே. எப்படி இத்தனை நாள் நின்னுக்கிட்டே வேலை பார்த்தீங்க?"

"யார் கேட்டா?" என்றாள் முட்டியம்மா. கண்ணை மூடிக்கொண்டாள். பஞ்சுக்கைதான், சந்தேகமில்லை. நர்சுகள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி ஓடிப்போய்த் தலையணை கொண்டுவந்தாள். முட்டியம்மா காலை மடக்கியதும், "அருமை மேடம்" என்றான் அவன்.

அக்கா தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தாள்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல தம்பி" என்றாள் அக்கா. "இங்க வா."

"ஒரு நிமிஷம்மா."

"எத்தனை நிமிஷம்? ஆபரேஷன் ஆனது எனக்கா அவளுக்கா? இது பெரிய வித்தையா? இங்க பாரு."

பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலைக் கட்டிலோடு தன் பக்கம் இழுத்தாள். கத்தினாள், நிறுத்தவில்லை. முட்டியம்மா கண்ணைத் திறக்காமலே, "இவ்வளவுதானாக்கா? எனக்கு இன்னும் போகுது" என்றாள். அக்கா இன்னும் இழுத்தாள். பஞ்சுக்கை கோணம் அளக்கும் கருவியோடு ஓடினான். தொண்ணூறைத் தாண்டியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், அக்காவுக்கு.

முட்டியம்மா எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு மயக்கம் கொடுக்கவில்லை. தங்கை செய்தது இவ்வளவுதான்: பக்கத்துக் கட்டிலில் படுத்துத் தன் முட்டியைக் காட்டி அக்காவின் முட்டியை மடங்க வைத்தாள்.