ஒற்றை டிக் விழுந்த காலை

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் செல்போன் கடை வைத்திருக்கிற விஜயபாண்டிக்கு ஒரு பழக்கம். சார்ஜர் கேட்டு வந்தவரைக்கூட வேகத்தைப் பற்றி ஒரு பாட்டம் பேசாமல் அனுப்ப மாட்டான். “2ஜிங்கிறது ஒத்தையடிப் பாதைண்ணே. 3ஜி கோவேறு கழுதை போற தடம். 4ஜி ஜீப்பு ரோடு. 5ஜி நாலுவழிச் சாலை” என்பான். சொல்வதோடு நிற்காமல் வேகம் அளக்கிற ஆப்பைத் தட்டிக் காட்டுவான். 3ஜியில் மூன்றைத் தாண்ட முக்குகிற முள் 4ஜியில் முப்பதுக்கு ஏறும். 5ஜியில் முந்நூறைத் தொட்டு நிற்கும். ஆட்கள் வாயைப் பிளப்பார்கள். அது அவனுக்குப் பிடிக்கும். பெருமை பேசாத வியாபாரி எந்த ஊரில் இருக்கிறான்?

அவன் ஊருக்கு ஒரு நல்லதும் செய்துகொண்டிருந்தான். மேலே ஏலக்காட்டுச் சரிவில் யானை தென்பட்டால், யானைக் காவலுக்குப் போகிற ஜக்கையன் முதலில் கூப்பிடுவது அவனைத்தான். உடனே விஜயபாண்டி எட்டு எஸ்டேட் கங்காணிகளையும் ஒவ்வொருவராக அழைத்து, யானை எந்த ஓடையில் நிற்கிறது, எந்தப் பக்கம் ஆளை இறக்கக் கூடாது என்று சொல்லிவிடுவான். எடுக்கிற வரைக்கும் விடாமல் அடிப்பான். கூலி ஆட்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடக்கிறவர்கள் கங்காணிகள்தானே, அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

ஆனால் எட்டுப் பேரைப் பிடிப்பதற்குள் காலை வியாபாரம் போய்விடும். ஒருவர் எடுக்க மாட்டார். எடுத்த இன்னொருவர் மழை பெய்ததா என்று விசாரிப்பார். சலித்துப்போய் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க மலையிலிருந்து எல்லோரும் போடிக்கு இறங்குவார்கள் அல்லவா, அன்றைக்குக் கடையிலேயே எட்டுப் பேரையும் நிற்கவைத்து ஒரு குரல் செய்தி போட்டான். எட்டுப் போனும் ஒன்றாகக் கத்தின. “இனி ஒரே சொடக்குதான்” என்றான். எல்லோரும் டீ குடித்துவிட்டுச் சந்தோஷமாக மலையேறிப் போனார்கள்.

சோதனை நடந்தது போடிக் கடைவீதியில். யானை வருவது மலையில். அங்கே பாதி எஸ்டேட்டில் இன்னும் 2ஜிதான். பேச்சு போகும், வாட்ஸ்அப் நகராது. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவனுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். எட்டுப் போன் ஒன்றாகக் கத்திய சந்தோஷத்தில் அதை நினைக்கவில்லை.

ஒரு நாள் காலை ஜக்கையன் கூப்பிட்டு, ஒற்றைக் கொம்பன் யானை மேல் ஓடையைத் தாண்டிவிட்டது என்றார். கடையில் புதுப் போன் வாங்க வந்த ஒருவர், 5ஜி வேகத்தைக் காட்டச் சொல்லி நின்றுகொண்டிருந்தார். விஜயபாண்டி குழுவில் பேசிப் போட்டான். ஒற்றை டிக் விழுந்தது. யாருக்கெல்லாம் போகவில்லை என்று அழுத்திப் பார்த்தான். சின்ராசு மாமா பேரும் அதில் இருந்தது. ‘வரும், கொஞ்சம் மெதுவா வரும்’ என்று நினைத்துக்கொண்டு, முந்நூறுக்கு ஏறுகிற முள்ளைக் காட்டப் போய்விட்டான்.

சின்ராசு, விஜயபாண்டியின் பெரியப்பா மகள் மொக்கம்மாளின் வீட்டுக்காரர். கங்காணி. பெண்களைப் பின்னால் நிறுத்திவிட்டுத் தடம் பார்க்க முன்னால் போனவரை யானை தூக்கி எறிந்தது. உயிர் தப்பியது பெரிய காரியம். இடுப்பும் தொடையும் நொறுங்கிப்போய், தேனி ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். இனி மலையேற முடியாது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே தலைகீழாக நடந்தது. அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு ஜீப்பு மலையிறங்கி ஊர் எல்லையைத் தொட்டதும், அங்கே காத்திருந்த மொக்கம்மாள் ஏறிக்கொண்டாள். அவள் மடியில் வைத்த அவர் போன் கத்தியது. எடுத்துக் கேட்டாள். விஜயபாண்டியின் குரல்: “மேல் ஓடைப் பக்கம் ஆள இறக்காதீங்க.”

செய்தி காலையிலேயே போட்டது என்று நேரம் காட்டியது. அன்றிலிருந்து அவள் புருஷனை வைதுகொண்டே இருந்தாள். செய்தி வந்தும் பார்க்காத மனுஷன் என்று ஊரும் சொன்னது. விஜயபாண்டி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. குழுவைக் கலைத்துவிட்டு மறுபடியும் ஒவ்வொருவராக அழைக்க ஆரம்பித்தான். “தம்பிக்கு எம்புட்டுப் பொறுப்பு” என்று கங்காணிகள் பாராட்டினார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். பாராட்டு அதைக் கிண்டிவிட்டது. வேகம் காட்டச் சொன்னவர்களிடம் ஆப் வேலை செய்யவில்லை என்று பொய் சொன்னான். ஞாயிறு தவறாமல் பழப் பையோடு ராசிங்காபுரத்துக்கு அக்கா வீட்டுக்குப் போய், பேச வாயெடுத்து, பேசாமலே திரும்பினான்.

மூன்று மாதம் இப்படியே போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் போனபோது சின்ராசு கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இந்தா, நீயே கேளு தம்பி” என்றாள் மொக்கம்மாள், குழம்பை ஊற்றிக்கொண்டே. “நீ அங்கிட்டிருந்து தொண்டை கிழியச் சொல்லிருக்க. இவரு போன இடுப்புல சொருகிக்கிட்டு யானைக்கு முன்னாடி போயி நின்னுருக்காரு. புள்ளைக பொழப்பு நாசமாப் போச்சு.”

சின்ராசு தலையைத் தூக்கவில்லை. “ஆமா மாப்ளே. எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு. பாத்திருக்கணும்.”

விஜயபாண்டிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “மாமா, ஒங்களுக்கு அது வரவே இல்ல” என்றான். “மேல வெறும் 2ஜி. ஜீப்பு கீழ எறங்குனப்புறம்தான் வந்துச்சு. நீங்க நூறு தடவ பாத்திருந்தாலும் அதுல ஒண்ணும் இருந்திருக்காது.”

மொக்கம்மாள் கையில் கரண்டியோடு நின்றாள். “அப்ப இத்தன நாளு நான் வஞ்சதெல்லாம்?” என்று புருஷனைப் பார்த்தாள். “சோத்தப் போட்டுக்கிட்டே வஞ்சேனே.” அவள் கண் கலங்கிவிட்டது.

சின்ராசுக்கு முகம் தெளிந்தது. பெரிய பாரம் இறங்கியதுபோல் மூச்சு விட்டார். “விடு, அழுகாத. மாப்ள மேலயும் தப்பில்ல, அவனுக்கென்ன தெரியும்?”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மன்னிப்பு தட்டில் வைத்து நீட்டப்பட்டது. விஜயபாண்டியால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

“தெரியும் மாமா. ஒத்த டிக்கு விழுந்துச்சு. போகாதவுக பேருல ஒங்க பேரு இருந்துச்சு. பாத்தேன். கடையில ஆளு நின்னாருன்னு விட்டுட்டேன்.”

சின்ராசு தட்டில் கையை உதறினார். பிறகு, கோபமே இல்லாமல், வழி கேட்பதுபோல் கேட்டார்:

“அப்ப ஒரு போன் போட்ருக்கலாமே மாப்ளே. சாதாப் போனு. எனக்கு அடிச்சிருக்குமே.”

“அடிச்சிருக்கும் மாமா” என்றான் விஜயபாண்டி.

மூன்று மாதம் புருஷனை வைத வாய் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மொக்கம்மாள் கரண்டியை வைத்துவிட்டு, அவன் கொண்டுவந்த பழப் பையை எடுத்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.