என் கையில் இல்லாத பெயர்

டாட்டூ போட்டுக்கொள்பவன் வேறு, டாட்டூ சேர்ப்பவன் வேறு. இதைப் பலருக்கும் விளக்கிச் சலித்துவிட்டேன். போட்டுக்கொள்பவன் காதலித்தால் ஒன்று, திருவிழாவுக்குப் போனால் ஒன்று என்று நாற்காலி எங்கே காலியாக இருக்கிறதோ அங்கே உட்கார்ந்துவிடுவான். சேர்ப்பவன் அவசரப்பட மாட்டான். ஒரு ஆர்ட்டிஸ்டிடம் ஒரு படம்தான் வாங்குவான். யார் போட்ட கோடு நடுங்காது, யார் வைத்த நிழல் வருடங்கள் போனாலும் கலங்காது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. பிடித்தவருடைய நேரம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருப்பான். நான் சேர்ப்பவன். அதில் எனக்கு வெட்கமும் இல்லை, பொய்யான அடக்கமும் இல்லை.

வாளையார் பக்கம், கோயம்புத்தூர் சாலையை ஒட்டி எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. லாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பதும் எழுத்து எழுதுவதும் தொழில். எழுத்து காயும்வரை டிரைவர்களுக்கு வேறு வேலை இருக்காது, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வலது தோளில் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் போட்ட சண்டைச் சேவல். நெஞ்சில் மாலை போட்ட லாரி, முகப்பு மட்டும். ஆனைக்கரையில் ஒரு ஏலத்தோட்டத்து ஜீப்புக்கு எழுதப் போனவன் குமுளியில் இறங்கி வாங்கிக்கொண்டு வந்த ஏலச்செடி முதுகில் இருக்கிறது. அதைப் பார்க்கவேண்டும் என்று யாராவது கேட்டால் சட்டையைக் கழற்ற எனக்கு அரை நிமிடம் கூட ஆகாது.

"வலிக்குமுங்களா?" என்று கேட்காத டிரைவர் இல்லை. வலிக்காமல் இருந்தால் ஊரில் எல்லோரும் போட்டுக்கொள்வார்களே, அப்புறம் எனக்கு என்ன மரியாதை என்பேன்.

அடுத்ததாக அவர்கள் கேட்பது பெயரைத்தான். இத்தனை படம் இருக்கிறது, வீட்டுக்காரம்மா பெயர் எங்கே என்பார்கள். என்னிடம் பெயர் கிடையாது. என் முதல் படத்தைப் போட்ட கோயம்புத்தூர் ஆர்ட்டிஸ்ட் அன்றைக்கே அதைச் சொல்லிவிட்டார். கட்டியவர் பெயரைத் தோலில் எழுதிக்கொண்டால் அந்த ஜோடி நிலைக்காது. டாட்டூ உலகத்தில் பாதிப் பேருக்கு இந்த நம்பிக்கை உண்டு. பெயர் கேட்டு வருகிறவர்களை அவர் ஒரு வாரம் யோசித்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவார். எழுதிய பெயரை மறைக்க அதன்மேல் ரோஜாவும் புலியும் போட்டே அவருக்குக் கை ஓய்ந்துவிட்டதாம்.

பூனை குறுக்கே போனால் நின்றுவிட்டுப் போகிற ஆள் இல்லை நான். ஆனாலும் இதை நம்பினேன், காரணம் என் தொழில். லாரி முகப்பில் பிள்ளைகள் பெயரையும் மனைவி பெயரையும் எழுதுகிறவன் நானேதான். அந்த லாரி கைமாறினால் அதே பெயரைச் சுரண்டி எடுக்கிறவனும் நான்தான். பழைய ஆளின் வீட்டார் பெயர் இருக்கும்வரை புதிய முதலாளி வண்டிக்குப் பூஜை போடமாட்டார். உப்புத்தாளை வைத்துத் தேய்த்தால் எவ்வளவு ஆசையாக எழுதிய பெயரும் தூசியாக உதிர்ந்துவிடும். இதைத் தினமும் பார்க்கிறவன் தன் தோலில் பெயர் எழுத யோசிப்பானா மாட்டானா?

என் மனைவிக்கு ஊர் மூணாறு மலையில் வட்டவடை. அங்கே ஒரு ஜீப்புக்கு எழுதப் போன இடத்தில்தான் பார்த்தேன். கேரட் மூட்டையின் மேல் உட்கார்ந்து, குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நான் எழுதுவதை விட்டுவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் கேட்டுப் போனபோது மாமனார் சட்டைக் கையை மடக்கச் சொல்லிப் பார்த்தார். ஜெயிலில் இருந்தீர்களா, சினிமாவில் இருந்தீர்களா என்று இரண்டே கேள்விகள் கேட்டார். இரண்டும் இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாந்துதான் போனார். அவள் உள்ளேயிருந்து சிரித்த சத்தம் கேட்டது. கல்யாணம் முடிந்ததும் மலையை விட்டு எங்கள் வெயிலுக்கு இறங்கி வந்தாள். இப்போது பட்டறைக்கு முன்னால் பூண்டுக் கடை வைத்திருக்கிறாள். அவள் தம்பி மூட்டை மூட்டையாக அனுப்புகிறான். வட்டவடைப் பூண்டு என்றால் லாரியை ஓரங்கட்டி வாங்குகிறவர்கள் உண்டு.

மற்ற வீடுகளில் டாட்டூ என்றால் சண்டை. எங்கள் வீட்டில் அவள்தான் என் படங்களுக்குக் காவல். புதிதாக ஒன்று போட்டு வந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளைப் பிரிப்பாள், வெதுவெதுப்பான தண்ணீரில் துடைப்பாள், ஆயிண்ட்மெண்ட் தடவுவாள். அரிக்கிறது என்று நான் விரலைக் கொண்டுபோனால் அதன்மேலேயே ஓர் அடி விழும். அவளுக்கு நல்ல கண்ணும் உண்டு. சேவலுக்குக் கண் சரியில்லை, மாட்டுக்கண் மாதிரி இருக்கிறது என்று முதல் நாளே சொன்னாள். அதற்கப்புறம் எனக்கும் அது மாட்டுக்கண்ணாகவே தெரிகிறது. கல்யாணமான வருடம் கெண்டைக்காலில் வேரோடு ஒரு முழுப்பூண்டு போட்டுக்கொண்டேன். அதுதான் அவளுக்குச் செல்லம்.

அவளுக்கு என்னிடம் ஒரே ஒரு குறை. இடது முன்கையின் உட்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நான் எதுவும் போடாமல் வைத்திருந்தேன். அந்த இடத்தில் விரலை வைத்து, இது யாருக்கு என்று கேட்பாள். அந்த இடம் எப்போதோ ஒருவர் பெயருக்குப் பத்திரம் ஆகிவிட்டது என்பேன். அவள் பெயருக்காகத்தான் வைத்திருக்கிறேன், வேண்டுமென்றே விளையாடுகிறேன் என்று அவள் நினைத்தாள். அவள் கேட்பதுதான் விளையாட்டு என்று நான் நினைத்தேன். இப்படியே வருடங்கள் ஓடின.

உண்மையில் அந்த இடம் கொச்சியில் இருக்கிற ஓர் ஆர்ட்டிஸ்டுக்காக. மரமும் புல்லும் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. போன வருடம் ஒருவழியாக அவர் தேதி கொடுத்தார். அது எங்கள் கல்யாண நாளையொட்டி வந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை. அவள் கவனித்திருக்கிறாள். புதுச் சட்டையைத் தேய்த்து வைத்தாள், புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். ரயிலுக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்து, எழுத்து சின்னதாக இருந்தாலும் போதும் என்றாள். எனக்கு அது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

கொச்சிக்காரர் எனக்குப் பனைமரம் போட்டார். எங்கள் கிழக்குப் பாலக்காட்டுப் பனை. கணவாய்க் காற்று அடிக்கும்போது ஓலையெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்குமே, அந்தப் பனை. ஒவ்வோர் ஓலையும் தனித்தனியாகத் தெரிந்தது. ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் உடம்பில் இருப்பதிலேயே நல்ல படம் அது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

வீட்டுக்குப் போனதும் கையை நீட்டினேன். அவள் வழக்கம்போலக் கையைக் கழுவிக்கொண்டு வந்து தாளைப் பிரித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். ஓலைகளுக்கு நடுவே எங்காவது எழுத்து ஒளிந்திருக்கிறதா என்று தேடியிருக்கிறாள். அது எனக்கு அப்போது புரியவில்லை. "மரம் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து ஆயிண்ட்மெண்ட் டியூப் மேஜைமேல் இருந்தது. அவள் கை மட்டும் வரவில்லை. பேசினாள், சமைத்தாள், கடையைத் திறந்தாள், எல்லாம் ஒழுங்காக நடந்தது. என் உடம்பை மட்டும் தொடவில்லை. இடது கைக்கு வலது கையால் மருந்து போடுவது பெரிய காரியம் இல்லை. ஆனாலும் நானே போட்டுக்கொண்ட ஒவ்வொரு வேளையும் எரிச்சல் வந்தது. நான்காவதோ ஐந்தாவதோ நாள், பட்டறையில் ஒரு டிப்பருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளியம்மா பெயர். எழுத்தின் மேல் கொம்புக்கு மஞ்சள், கீழே சிவப்பு நிழல். அவள் பூண்டு உரித்துக்கொண்டே பார்த்திருக்கிறாள்.

"ஊர்ல உள்ளவுக பொண்டாட்டி பேரெல்லாம் எழுதுறீகல்ல," என்றாள். "எம்பேரு எழுதுனா மட்டும் கை வலிச்சிருமோ?"

நான் பிரஷை வைத்துவிட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். கோயம்புத்தூர் ஆர்ட்டிஸ்ட் சொன்னது, ரோஜா, புலி, உப்புத்தாள் எல்லாம் சொன்னேன். "உன்னய உட்டுப் பிரியக் கூடாதுன்னுதான் புள்ள எழுதல" என்றேன். கேட்பவள் உருகிவிடுவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் உருகவில்லை. அப்படியானால் பெயர் எழுதாத புருஷன் பெண்டாட்டி எல்லோரும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்களா என்று கேட்டாள். சரியான கேள்விதான். அதனாலேயே குரலை உயர்த்தினேன். இது என் தோல், என் சேகரிப்பு, இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, யாருக்காகவும் மாற்ற முடியாது என்றேன். அவள் பூண்டுத் தோலை முறத்திலிருந்து காற்றில் ஊதிவிட்டு உள்ளே போனாள்.

பூண்டு எடுக்கிற சமயம் வந்ததும் வட்டவடைக்குக் கிளம்பினாள். வருடா வருடம் போகிறதுதான். இந்த முறை நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு, பஸ் இருக்கிறது, மூணாறிலிருந்து ஜீப் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அவள் இல்லாத வீட்டில் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன் என்று சொல்ல ஆசை. இல்லை. போனில் பேசும்போது பனிமூட்டம், கோஸ் விலை, தம்பியின் ஜீப் என்று எல்லாம் சொன்னாள். என் பனைமரத்தில் பொருக்கு உதிர்ந்துவிட்டதா என்று ஒரு தடவையாவது கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

அவள் திரும்பி வந்த அன்று மதியம், கூட வந்த பூண்டு மூட்டைகளை இறக்கிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அந்த வெயிலிலும் முழுக்கை ஸ்வெட்டரைக் கழற்றாமல் இருந்தாள். என்ன என்று கேட்டேன். ஸ்வெட்டர்க் கையை மெதுவாக மேலே சுருட்டினாள். இடது முன்கை, உட்புறம். பளபளவென்று தாள் சுற்றியிருந்தது. மூணாறில் டூரிஸ்டுகளுக்குப் போடுகிற கடை ஒன்றில் போட்டுக்கொண்டாளாம்.

எனக்கு மனசு எப்படித் துள்ளியது என்று சொல்லவேண்டும். என் பெயர்தான், வேறென்ன இருக்கும்? பெயர் எழுதக் கூடாது என்று அத்தனை பேசியவன், அந்த நிமிடத்தில் சட்டத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டேன். பைத்தியக்காரி, இப்படிச் செய்துவிட்டாளே என்று செல்லமாகத் திட்டுவதற்கு வார்த்தைகூடத் தயார் செய்துகொண்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன். தாளின் ஓரத்தைத் தூக்கிப் பிரித்தேன்.

நாலு எழுத்து. அவளுடைய பெயர்.

கீழே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். அவள் கையைத் திருப்பி வெளிப்பக்கமும் பார்த்தேன். இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது. நாற்பதைத் தாண்டிய ஆள், உடம்பு முழுக்க ஊசி வாங்கியவன், என் பெயர் இல்லை என்பதற்காக அப்படி உட்கார்ந்திருந்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க பேர எழுதத்தான் போனேன்," என்றாள். "நாற்காலில ஒக்காந்த பெறகுதான் தோணுச்சு. ஒங்க கையில எம்பேரு இல்ல. இந்தக் கையிலயாவது இருக்கட்டும்னு எழுதிக்கிட்டேன்."

அவளும் இத்தனை வருடமாக இப்படித்தானே என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாள் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தேன். எழுத்தைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கியிருந்தது. வீட்டில் நான் அவளை ஏபுள்ள என்றும் இந்தா என்றும்தான் கூப்பிடுவேன், எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. எழுத்தின்மேல் விரல் படாமல், முதல் எழுத்திலிருந்து அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "எழுத்து சரியா இருக்கா?" என்றாள்.

சரியாக இருக்கிறது என்றேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.