ஆபீசு வாசலில் அழுத வருசம்

பன்விலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த என் தலைப்பிள்ளை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. முறையாகப் பேறு பார்க்கத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை. தொப்புள்கொடியை அறுத்தது புல் வெட்டும் அரிவாள். வாய் பூட்டிக்கொண்டு, பால் இறங்காமல் போய்விட்டான்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவள். அந்தத் தைரியத்தில், மருத்துவச்சி வேண்டும் என்று கேட்க டிஸ்பென்சரிடம் போனேன். மருந்து கொடுப்பதும், பிறப்பு இறப்பைக் கண்டியிலுள்ள அரசாங்கக் கச்சேரிக்கு எழுதி அனுப்புவதும் அவர் வேலை. ஆபீசுக் கதிரையில் சாய்ந்தபடியே சிரித்தார்.

“மருத்துவச்சி எதுக்கும்மா? போன வருசம் இந்தத் தோட்டத்துல ஒரு கைப்புள்ளகூட சாகல. கவர்மெண்டு புத்தகத்துலயே அச்சாகியிருக்கு. மருத்துவச்சி கேட்டா தோட்டத்துத் தொரை அதைத்தான் காட்டுறாரு.”

“அப்ப என் புள்ள?”

“பேரில்லாத புள்ளைய எப்புடி எழுதுறது?”

எங்கள் சனங்களும் அதை நம்பினார்கள். கண்டியிலிருந்து சாமியார் எப்போதாவதுதான் வருவார். அவர் ஞானஸ்நானம் கொடுக்கும்வரை பிள்ளைக்குப் பேர் கிடையாது. அதற்குமுன் போனதை வேலியோரம் புதைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள்.

பிள்ளை செத்ததையாவது பொறுப்பேன். சாகவே இல்லை என்று அச்சில் ஏற்றிவிட்டானே பாவி! மருத்துவச்சி வராமல் இன்னொரு பிள்ளை பெறமாட்டேன் என்று புருசனிடம் சொன்னேன். இந்த ஆளை ஒழிக்காமல் விடமாட்டேன் என்பதை மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

கண்டிக்குத் திருநாளுக்குப் போன சாக்கில் கச்சேரிக்குள் நுழைந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டேன். யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். எங்கள் தோட்டத்துக்கு நேரே ஒரு சின்னக் கோடு. சாவு ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

“பேர் வைக்காத பிள்ளை செத்தா எழுத மாட்டீங்களா?”

“ஆர் சொன்னது? பிறந்தாலும் பதியவேணும், செத்தாலும் பதியவேணும். பேர் என்னத்துக்கு? சாவு கூடின தோட்டமெண்டால் பெரிய டொக்டரே நேரில போய் விசாரிப்பார்.”

திரும்பும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். ஊர் சேர்ந்ததும் எங்கள் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய்ப் பெண்களிடம் சொன்னேன்.

“பொறந்த அன்னிக்கே பேர் வைங்கடி. சாமியார் வர்றப்ப வரட்டும். புள்ள போயிருச்சுன்னா வீட்டுக்குள்ள அழாதீங்க. ஆபீசு வாசல்ல வந்து பேர் சொல்லி அழுங்க. அந்தாளு எழுதுற வரைக்கும் விடாதீங்க!”

விடவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் லயமே திரண்டு வந்து மாரடித்தது. டிஸ்பென்சர் கதவைச் சாத்திப் பார்த்தார். அதட்டிப் பார்த்தார். என்ன சத்தம் என்று பங்களாவிலிருந்து துரை ஆள் அனுப்பியபோது, வேறு வழியில்லாமல் பேனாவை எடுத்தார்.

அடுத்த வருசத்துப் புத்தகத்தில், ஜில்லாவிலேயே கைப்பிள்ளைகள் அதிகம் செத்த தோட்டங்களோடு எங்களுடையதும் இருந்தது. பார்த்ததும் சிரித்தேன். பிள்ளைச் சாவைப் பார்த்துச் சிரித்த பேய் என்று சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கென்ன!

பெரிய டாக்டர் வந்தார். வேலியோரத்து மண்மேடுகளைப் பெண்கள் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். அப்படியானால் முந்தின வருசத்துக் கோடு எப்படி வந்தது என்று அவர் கேட்டார். அந்த மாதமே டிஸ்பென்சரின் வேலை போயிற்று. பிறகு பேறு பார்க்க ஓர் அறை கட்டினார்கள், மருத்துவச்சியும் வந்தாள். என் மகள் அந்த அறையில்தான் பிறந்தாள்.

டிஸ்பென்சர் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்ற அன்று நானும் போய் எதிரே நின்றேன்.

“என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்ட. உன் புள்ள திரும்பி வந்துருச்சா?” என்றார்.

“போனவன்தானே திரும்பி வருவான்? அவன் செத்ததாத்தான் நீங்க எழுதவே இல்லையே.”

குழியில் மண் தள்ளும்போது அவனுக்கு நானாக ஒரு பேர் வைத்திருந்தேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பஸ் வரும்வரை அந்தப் பேரைச் சொல்லி, அவர் முகத்துக்கு நேரே ஒப்பாரி வைத்தேன்.