எமில்டா எந்த மாவட்டம்?

எமில்டா பிறந்த வீட்டு வளவு பரந்தனில் இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அவர் பிறந்த எண்பத்தொன்றில் அது யாழ்ப்பாண மாவட்டம். எண்பத்து நான்கில் யாழ்ப்பாணத்தின் தென்பகுதியைப் பிரித்து, கிளிநொச்சி என்று புதிய மாவட்டம் ஒன்றை உண்டாக்கினார்கள். எமில்டாவுக்கு அப்போது ஓடவும் விழவும் மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து அவர் கிளிநொச்சிப் பிள்ளை. அந்தப் பெயரோடுதான் வலைப்பந்து விளையாடினார், இடம்பெயர்ந்தார், இருபது வயதில் கனடாவுக்கும் வந்தார்.

இப்போது ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் குடியிருந்து மஞ்சள் நிறப் பள்ளி பஸ் ஓட்டுகிறார். சனிக்கிழமைகளில் அங்குள்ள கிளிநொச்சிப் பெண்களின் வலைப்பந்து அணிக்குக் கோல் போடுகிறார். இந்தக் கோடையில், ஊர் மாவட்டங்களின் பெயரில் அணிகள் மோதும் போட்டி வந்தது. போன வருடம் சிலர் வெளியாட்களை இறக்கியதால் புது விதி போட்டிருந்தார்கள்: பிறந்த மாவட்டத்துக்குத்தான் விளையாடலாம், அத்தாட்சி வேண்டும்.

இறுதி ஆட்டம் யாழ்ப்பாண அணியோடு. அதுவரை யாரும் அத்தாட்சிகளைத் திறந்து பார்க்கவில்லை. தொடங்கும் நேரத்தில் ஒழுங்கமைப்பாளர் சண்முகலிங்கம் எமில்டாவின் பிறப்புச் சான்றிதழை உயர்த்திப் பிடித்தார்.

"தங்கச்சி, இதிலை யாழ்ப்பாண மாவட்டம் எண்டெல்லோ கிடக்கு?"

"அப்ப அது யாழ்ப்பாணம் அண்ணை. பிறகுதான் பிரிச்சவை."

"அதுக்கு நான் என்ன செய்ய? விதியெண்டால் விதிதான்."

எதிரணிக்குள் ஒரே சிரிப்பு. "இஞ்சாலை வாங்கோ அக்கா! எங்களிட்டை ஒரு ஜேர்சி மிச்சம்," என்று ஒருத்தி கூப்பிட்டாள்.

எமில்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சுட்டது. கிளிநொச்சி அணி இறுதிக்கு வந்ததே இதுதான் முதல் தடவை. அந்தப் பெயரோடு களத்தில் நிற்க முடியாமல் போனால் பிறகு எதற்கு விளையாட்டு?

"அண்ணை, நீங்கள் எங்கை இருக்கிறியள்?" என்று கேட்டார்.

"ஸ்காபரோவிலை."

"ஸ்காபரோ எண்ட நகரம் தொண்ணூற்றெட்டோடை முடிஞ்சுது. அதுக்கு முதல் எவ்வளவோ காலம் யோர்க் கவுண்டிக்குள்ளை கிடந்ததாம். இப்ப நீங்கள் ரொறன்ரோ ஆள். பிறகேன் ஸ்காபரோ எண்டு சொல்லுறியள்?"

சண்முகலிங்கம் தலையைச் சொறிந்தார். "நான் இருக்கிற இடம் அதுதானே பிள்ளை."

"நானும் அதைத்தான் சொல்லுறன்."

நடுவர்கள் கூடிக் கதைத்தார்கள். கடைசியில், பழைய எல்லையை விட்டுவிட்டு இன்றைய எல்லையைப் பார்ப்போம் என்றார் சண்முகலிங்கம். கிளிநொச்சி அணித் தலைவி நிலாணி கைதட்டினாள். உடனே அவளுக்கு இன்னொன்று உறைத்தது. யாழ்ப்பாண அணியின் கோல் காப்பாளர் சுகந்தினி பிறந்தது பளையில், எண்பத்திரண்டில். பளையும் இன்று கிளிநொச்சி மாவட்டம்!

"அப்ப சுகந்தினி எங்கடை ஆள்! வாடி இஞ்சை!" என்று கத்தினாள் நிலாணி.

சுகந்தினி திகைத்துப்போனாள். சின்ன வயதிலேயே யாழ்ப்பாணம் போய், அங்கேயே படித்து, அங்கேயே கலியாணம் முடித்தவள். பந்தை நெஞ்சோடு அணைத்தபடி எமில்டாவைப் பார்த்தாள்.

எமில்டா சும்மா நின்றாலே போதும். கோப்பை பாதி கையில் வந்த மாதிரி. ஆனால் அவரால் அப்படி நிற்க முடியவில்லை.

"அண்ணை, இதுவும் சரியில்லை. எந்த மாவட்டம் எண்டு அவவே சொல்லட்டும்."

"உனக்கென்ன விசரோடி?" நிலாணி அவர் கையைக் கிள்ளினாள்.

"யாழ்ப்பாணம்," என்றாள் சுகந்தினி, மெல்ல.

"எழுதுங்கோ அண்ணை," என்றார் எமில்டா.

விசில் ஊதியது. கையை உயர்த்திக்கொண்டு சுகந்தினி சுவர் மாதிரி முன்னால் நின்றாள். கிளிநொச்சி இரண்டு கோலால் தோற்றது. கிளிநொச்சி போட்ட கோல் எல்லாம் எமில்டா போட்டவை. கார் நிறுத்துமிடம் வரை நிலாணி அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

"அடுத்த வருசம் நீ வாயைத் திறக்கக்கூடாது. கோல் மட்டும் போடு, விளங்கிச்சோ?"

"ஓம் ஓம். நான் கிளிநொச்சி எண்டதை மட்டும் சொல்லிப்போட்டு வாயை மூடுறன்."