சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு துண்டுக் கடதாசி இருக்கிறது. தேயிலைக் கொழுந்தை நிறுத்ததும் கணக்கப்பிள்ளை எழுதிக் கொடுக்கும் துண்டு. பென்சிலால் 137 என்று எழுதியிருக்கிறது. ஒரே நாளில் நூற்று முப்பத்தேழு கிலோ கொழுந்து எடுத்த பெண் எந்தத் தோட்டத்திலும் பிறக்கவில்லை. அது பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருத்தியின் எடை. சரியான எடைகூட இல்லை.

பெல்மதுளைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பது வருஷம் வேலை செய்தேன். சனங்கள் என்னை டாக்டரையா என்றார்கள். நான் டாக்டர் இல்லை, உதவி மருத்துவன். திருத்தச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வராததால் நானும் திருத்தவில்லை. எந்தப் படிவத்துக்கு எத்தனை பிரதி, எந்தப் பிரதி யாருக்கு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தப் படிவங்களில் ‘எடை குறைவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘எடை கூடுதல்’ என்ற கட்டம் இல்லை. கட்டம் இல்லாத நோய் எங்கள் தோட்டத்திலும் இல்லை என்றே மேலிடம் நினைத்தது. நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தேன்.

தொழிலாளர் வரிசை வீடுகளில் மூன்றாவதில் இருந்ததால் மூன்றாம் லயத்துப் பிள்ளை என்றுதான் அவளை எல்லோரும் சொல்வார்கள். தாய் கொழுந்தெடுப்பவள், விறகுக் குச்சி போல இருப்பாள். மகளோ ஒன்பது வயதிலிருந்து பெருத்துக்கொண்டே வந்தாள். பதினேழு வயதில் முழங்கால் வீங்கியது, இரத்தத்தில் சீனி கூடியது. படுத்தால் மூச்சு நின்று நின்று வரும் என்பதால் சுவரில் சாய்ந்தே தூங்கினாள். பீலிக்கரையில் தண்ணீருக்கு நிற்கும் பெண்கள், “ரேஷன் அரிசியெல்லாம் எங்க போகுதுன்னு இப்பத்தானே தெரியுது” என்பார்கள். “உங்க வீட்டு அரிசியும் சேத்துத்தான் அக்கா” என்று அவளும் சிரிக்காமல் சொல்வாள். ‘சோற்றைக் குறைக்கவும்’ என்று நான் அவள் சிகிச்சை டிக்கட்டில் எழுதினேன். அதுதான் நடைமுறை. நாலாவது முறை எழுதியபோது அவள் சொன்னாள்: “குறைச்சிட்டேங்க ஐயா. இன்னும் குறைக்கணும்னா இனி தட்டைத்தான் திங்கணும்.”

யுத்தம் முடிவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு, இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொழும்புக்கு ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார்கள். வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் அப்போதுதான் இங்கே பேச்சில் அடிபடத் தொடங்கியிருந்தது. பெரியவர்களுக்கே யோசித்துச் செய்கிறோம், இவ்வளவு சின்ன வயதில் இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும் என்றாராம் அந்த நிபுணர். வெட்டுவது எங்கள் வேலை, அதற்குப் பிறகு ஆயுள் முழுக்கக் கோழிக்குஞ்சு போலச் சாப்பிட்டு, மாத்திரை விழுங்கி, கிளினிக் வருவது உன் வேலை, அது உன்னால் முடியுமா என்று கேட்டிருக்கிறார். முடியும் என்பதற்கு அத்தாட்சியாக ஆறு மாதம் மாதாமாதம் எடை பார்த்து, கொஞ்சமாவது குறைந்திருப்பதை நான் கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் மேல்தான் அவளுடைய ஆபரேஷன் நின்றது.

என் டிஸ்பென்சரித் தராசு நூற்று இருபதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் நிறுக்கத் தோட்டத்தில் ஒரே இடம்தான் உண்டு: கொழுந்து நிறுக்கும் மடுவம். ஆள் ஏறி நிற்குமளவு பெரிய இரும்புத் தராசு, வட்ட முகத்தில் ஒரு முள். முகம் கணக்கப்பிள்ளையைப் பார்த்திருக்கும், முதுகு பெண்களைப் பார்த்திருக்கும். வெள்ளைக்காரன் வைத்த திசை அது. மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

எல்லோரும் போன பிறகு யாருக்கும் தெரியாமல் நிறுத்துவிடலாம் என்றேன். “ஒளிஞ்சு நிறுத்தா மட்டும் குறைஞ்சிடுமாங்க?” என்றாள். அந்திக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் தாய்க்குப் பின்னால் வரிசையில் வந்து நின்றாள். “இது எந்த மலைக் கொழுந்துடி?” என்று பின்னால் யாரோ கேட்க, மடுவமே சிரித்தது. அவள் தட்டில் ஏறி நின்று, “கணக்கப்புள்ள ஐயா, எனக்கு இன்னைக்கு எத்தனை பேர் போடுவீங்க?” என்றாள். பேர் போடுவது என்றால் ஒரு நாள் சம்பளம் எழுதுவது. கணக்கப்பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மாதம் யாரும் சிரிக்கவில்லை. அதற்கடுத்த மாதம், “இறங்கிருச்சா புள்ள?” என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அந்த ஆறு மாதமும் அவள் சோற்றைத் தேத்தண்ணிக் கோப்பையில் அளந்தாள். சீனியை விட்டாள். அட்டைக் கடியோடு தினமும் தொழிற்சாலை வரை இறங்கி ஏறினாள். துண்டுகள் மாதாமாதம் என்னிடம் வந்தன. முதல் துண்டு 141, கடைசித் துண்டு 137. நான் பார்த்தெழுதி, முத்திரை குத்தி, மூன்று பிரதி எடுத்தேன். குறை சொல்ல முடியாத கடிதம்.

கொழும்புக்கு நானும் துணைக்குப் போனேன். தாய்க்குச் சிங்களம் தடுமாறும் என்பது காரணம். வழியெல்லாம் சோதனைச் சாவடியில் அடையாள அட்டை காட்டிச் சிங்களத்தில் பேசியது என்னவோ அந்தப் பிள்ளைதான், பெல்மதுளை பஜாரில் பிறந்தவள் போல. ஆஸ்பத்திரி இயந்திரம் சரியாக 140 காட்டியது. நிபுணர் என் கடிதத்தைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார். நாலே நாளுக்கு முந்திய துண்டு 137. “மேக்க பொரு லியுமக்” என்றார் சிங்களத்தில். இது பொய்க் கடிதம். பிள்ளை மறுபடி பெருத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நான் இரக்கப்பட்டுக் குறைத்து எழுதியிருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் நம்புவதற்கில்லை என்று பட்டியலில் அவள் பெயரை வெட்டினார்.

திரும்பும் பஸ் அவிசாவளையை நெருங்கியது. தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பிள்ளை என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல் கேட்டாள்: “ஐயா, ஒரு தடவையாவது நீங்க அந்த முள்ளப் பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. துண்டைப் பார்ப்பதுதான் நடைமுறை.

மறுநாள் அந்தியில் என்னை மடுவத்துக்கு வரச் சொன்னாள். தட்டில் ஏறினாள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து, “நூத்தி முப்பத்தேழு” என்று கூவினார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முள் நூற்று நாற்பதில் நின்றது. “என்ன கணக்கப்பிள்ளை இது?” என்றேன். அவர் விழித்தார். மனுசன் கெட்டவர் இல்லை. “சாக்குக்கு ஒன்னு, ஈரத்துக்கு ரெண்டு… வாய் தானாச் சொல்லிடுதுங்க ஐயா.”

கொழுந்து நிறுவையில் ஒவ்வொருத்திக்கும் நாள்தோறும் கழிக்கும் மூன்று கிலோ அது. அப்புறம் ஒரு கிழவி, “அடி ஆத்தா, அவ என்ன சாக்கையா கட்டிக்கிட்டு வந்தா?” என்றாள். சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. பிள்ளையின் தாய் மட்டும் சிரிக்கவில்லை. “இருபத்திரெண்டு வருசமா எனக்குக் கழிச்சீங்க. காயுற வெயில்லயும் ஈரம்னு கழிச்சீங்க. எம் புள்ளைக்குமா?” என்றாள்.

கணக்குப் பார்த்தால் உண்மை தெளிவாகவே இருந்தது. ஆரம்பத்தில் நூற்று நாற்பத்து நாலு, இப்போது நூற்று நாற்பது. அவள் நாலு கிலோவைக் குறைத்தது நிஜம். புதிய கடிதத்தில் காரணம் எழுத வேண்டும். ‘தராசுக் கோளாறு’ என்று போட்டுவிடும்படி தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். தோட்டத்தில் கழிக்கும் வழக்கத்தைக் கையெழுத்தோடு எழுதிக் கொழும்புக்கு அனுப்புவது தனக்குத்தானே குழி வெட்டுவது என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது, ஓய்வூதிய வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையிடம் சொன்னேன். “தராசு சரியாத்தானேங்க சொல்லுச்சு. அதுமேல ஏன் பழி போடணும்? கோளாறுன்னு எழுதினா அந்த டாக்டர் ஆறு மாசத்தையுமே நம்ப மாட்டாரு” என்றாள். படிவங்களோடு வாழ்ந்த எனக்கு இது தோன்றவில்லை. கோளாறான தராசில் நிறுத்த எடை எதுவும் எடையே இல்லை.

எழுதினேன். ஒவ்வொரு முறையும் வழக்கப்படி மூன்று கிலோ கழிக்கப்பட்டது, அதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு என்று எழுதினேன். அதற்கும் மூன்று பிரதி. நிபுணர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, முதல் முறையாகச் சிரித்தார். வெட்டிய பெயருக்கு மேலேயே மறுபடி எழுதினார்.

ஆபரேஷன் நடந்தது. மந்திரம் எதுவும் நடக்கவில்லை. முதல் மாதங்களில் தலைமயிர் கொத்தாகக் கொட்டியது. ஒரு வாய் கூடினால் வாந்தி. கலியாண வீட்டில் எல்லோரும் இலை நிறையச் சாப்பிட, இவள் நாலு கரண்டியை அரை மணி நேரம் மென்றாள். மாத்திரையை ஒரு நாள் விடவில்லை, கிளினிக்கை ஒரு தடவை தவறவிடவில்லை. நோயாளிகளை நம்பாதிருப்பது என் தொழில் தந்த குணம். அவளிடம் அது எடுபடவில்லை. படுத்துத் தூங்கிய முதல் நாளின் மறுநாள் காலை தாய் டிஸ்பென்சரிக்கு வந்து, மருந்து எதுவும் கேட்காமல், அதை மட்டும் சொல்லிவிட்டு மலைக்குப் போனாள்.

அந்த வாரத்திலேயே மடுவத்துத் தராசு திரும்பியிருந்தது, முகம் பெண்கள் பக்கமாக. யார் திருப்பினார்கள் என்று விசாரணை நடந்தது. அன்று மடுவத்தில் நின்ற பதினாறு பெண்களும் தெரியாது என்றார்கள். கழிவு நிற்கவில்லை, ஆனால் வெயில் நாளில் ஈரம் கழிக்கக் கணக்கப்பிள்ளைக்கு வாய் வரவில்லை. இப்போது அங்கே மின்சாரத் தராசு. அது தானாகவே கழித்துக்கொள்கிறதாம். முன்னேற்றம்தான்.

அவள் இப்போது பஜாரில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். வருஷத்துக்கு ஒரு முறை என் வீட்டுக்கு வந்து, குளியலறைத் தராசில் ஏறி நிற்பாள். போன மாதமும் வந்தாள். நான் குனிந்து பார்க்கும் முன்பே, “கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க ஐயா” என்றாள். போட்டுக்கொண்டு பார்த்தேன். எண்பத்தொன்று. போன வருஷத்தைவிட இரண்டு கூடுதல். எண்ணைக் கண்டு அவள் முகம் சுருங்கியது, ஆனாலும் இறங்கவில்லை. எண்பதென்று எழுதிவிடலாமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது.

இழுப்பறையைத் திறந்து பழைய துண்டை எடுத்தேன். 137-க்குக் கீழே, அவள் பார்த்துக்கொண்டிருக்க, 81 என்று எழுதினேன்.